நடந்து போனாலும் பேஸ், பேஸ்தான்!



நம் சாஃப்ட்பால் அணிக்கு ஸ்கோர் நோட்டு எழுதுபவள் நான். எனக்கு மட்டை பிடிக்க வராது. வகுத்தல் கணக்கு வரும். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

போன மாதம் அணித் தேர்வு. இரண்டு அக்காக்கள், ஒரே ஓர் இடம். "ஆவரேஜ் யாருக்கு அதிகம்?" என்று கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கிரிக்கெட் சராசரி வேறு, இது வேறு. இங்கே ஹிட்டுகளை 'அட் பேட்' எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆனால் பிட்சர் நான்கு பந்துகளைத் தப்பாகப் போட்டு, நாம் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போனால் (அதுதான் 'வாக்') அது 'அட் பேட்' கணக்கில் வராது. பந்து உடம்பில் பட்டுப் போனாலும் அப்படித்தான்.

இரண்டு பேரும் 20 தடவை ஆட வந்தார்கள். முதல் அக்கா: 6 ஹிட், 1 வாக், 13 அவுட். 6 ÷ 19 = 0.316. இரண்டாவது அக்கா: 4 ஹிட், 6 வாக், 10 அவுட். 4 ÷ 14 = 0.286. முதல் அக்காவுக்கு இடம் கிடைத்தது.

இப்போ வேற மாதிரி கேட்போம். 20 தடவையில் எத்தனை தடவை பேஸுக்குப் போனார்கள்? முதல் அக்கா 7 (0.350). இரண்டாவது அக்கா 10 (0.500). சரிபாதி! இதற்கு 'ஆன் பேஸ்' சதவீதம் என்று பெயர். அமெரிக்கப் பெரிய லீக்குகளிலேயே இது 1984-இல்தான் அதிகாரபூர்வக் கணக்கானது.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ், 1941-இல் கடைசி நாள் ஆட்டத்துக்கு முன் 448-க்கு 179 ஹிட், அதாவது 0.39955. பேசாமல் உட்கார்ந்திருந்தால் 0.400 என்றே எழுதியிருப்பார்கள். அவர் உட்காரவில்லை. அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8-க்கு 6 ஹிட் அடித்து, 0.406-இல் முடித்தார். அதன்பிறகு அமெரிக்கன் லீக்கிலும் நேஷனல் லீக்கிலும் யாரும் 0.400-ஐத் தொடவில்லை. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அதே ஆண்டு அவர் 147 முறை பொறுமையாக நடந்தும் போனார்! அதையும் சேர்த்தால் பேஸுக்குப் போன கணக்கு 0.553.

"அடிச்சாத்தானே ரன் வரும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஹிட் அடித்தால் முன்னால் நிற்பவர் கூடுதலாக ஓடலாம். வாக்கில் அது முடியாது. அதனால் ஆவரேஜைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொல்கிறேன். சாஃப்ட்பாலில் ஓர் இன்னிங்ஸுக்கு மூன்றே அவுட். அவுட் ஆகாமல் இருப்பதும் ஒரு திறமைதானே?

நான் போட்ட கணக்கில் தப்பு இல்லை. கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி. நோட்டில் புதுக் கட்டம் கோடு போட்டு வைத்துவிட்டேன். அடுத்த தேர்வில் அதையும் ஒரு தடவை பார்ப்பீர்களா?

– ஸ்கோர் நோட்டுக்காரி, 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு