புதுச்சேரி வீதிகளில் குடியிருப்பது யார்?

சனி, ஞாயிறுகளில் புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய வீதிகளில் உள்ளூர்க்காரர் ஒருவர் வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை. தமிழ்நாடு, கர்நாடகப் பதிவெண் வண்டிகள் முன்னதாகவே வந்து நிரம்பியிருக்கும். மஞ்சள் சுவர் இருக்கும் இடமெல்லாம் கல்யாண ஜோடிகளின் போட்டோ ஷூட் நடக்கும். அது யாருடைய வாசற்படி என்று கேட்பவர் குறைவு. மலிவு மதுவைத் தேடி வருகிறவர்களின் இரவுச் சத்தம் தனி. இதைப் பற்றி ஊருக்குள் நடக்கும் பேச்சு, வருகிறவர்களின் ஒழுங்கீனத்தைச் சுற்றியே நிற்கிறது. குறைகள் பொய்யில்லை. ஆனால் ஒரு குடியிருப்பு வீதியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் தொந்தரவு ஞாயிறு இரவோடு கிளம்பிப் போய்விடுகிறது. திங்கட்கிழமையும் அங்கேயே இருக்கிற கெடுதல் ஒன்று உண்டு: வீடுகள் ஒவ்வொன்றாக, யாரும் குடியிருக்காத நாள் வாடகை அறைகளாக மாறுவது. அரசு கட்டுப்படுத்த வேண்டியது இதைத்தான், நடந்து பார்த்துவிட்டுப் போகிறவரை அல்ல என்பது என் கட்சி.

புல்வார் என்று உள்ளூரில் சொல்லும் சுற்றுச்சாலைக்குள் அடங்கிய பழைய நகரத்தைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே துணைநிலை ஆளுநர் மாளிகை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள். சுற்றுலாப் பிரசுரங்களில் வரும் படங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. இங்கே அலுவலகமும் நிறுவனமும் உயர்ந்த மதிலும் அதிகம், குடும்பங்கள் குறைவு. வாய்க்காலுக்கு மேற்கே கதை வேறு. பெருமாள் கோயில் வீதி, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி, வைசியாள் வீதி என இந்துக்கள் மிகுந்த வீதிகள். மிஷன் வீதியில் சம்பா கோயிலைச் சுற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்கள். தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள். 1761இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டமாக்கிய பிறகு, அதே நேர்கோட்டு வீதிகளில் மீண்டும் எழுந்த நகரம் இது. கீழ்த்தளத்தில் தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும், மாடியில் பிரெஞ்சு பாணி வளைவுச் சன்னல்களும் உள்ள வீடுகளை இங்கேதான் பார்க்க முடியும். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்களின் குடும்பமும், மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பமும், பக்கத்து அறையில் மாத வாடகைக்கு இருக்கும் குமாஸ்தாவும் ஒரே வீதியில் இருந்த ஊர். கிழக்கே ஒரு மாளிகை விடுதியானால் வீதியின் தன்மை பெரிதாகக் கெட்டுவிடாது. இப்போது விடுதி வியாபாரம் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்துவிட்டது. அதுதான் கவலை.

வெளியூர்க்காரரை இந்த வீதிகள் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு வெளிநாட்டு வழிகாட்டு நெறிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. வீதியை ஒட்டி மரத்தூண்களின் மேல் ஓட்டுச் சரிவாக இறங்கும் தாழ்வாரம், வெயிலிலும் மழையிலும் யார் வேண்டுமானாலும் ஒதுங்க. அதை அடுத்த திண்ணையில் வழிப்போக்கர் அனுமதி கேட்காமலே உட்காரலாம். திண்ணையைத் தாண்டி நடைக்குள் காலெடுத்து வைக்க வீட்டார் அழைக்க வேண்டும். முற்றமும் அதற்கு அப்பாலும் குடும்பத்துக்கு. இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பாடுகிறவர்கள், எல்லாச் சாதியாருக்கும் எல்லாத் திண்ணையும் திறந்திருக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாது. சாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அமைப்பின் தர்க்கம் நிற்கிறது: வீதியும் திண்ணையும் வருகிறவருக்கு, வீடு இருப்பவருக்கு. இன்று இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் மட்டம் உயர்ந்து திண்ணை தரையோடு தரையாகிறது. மிச்சமிருக்கும் திண்ணைக்குக் கிரில் போட்டுப் பூட்டுகிறோம். அதே வீட்டின் உள்முற்றமோ நாள் வாடகைக்கு ஆன்லைனில் கிடைக்கிறது. நடந்து வருகிறவருக்குக் கதவடைப்பு, காசு கொடுத்தவருக்கு அடுப்படி வரை உரிமை.

நாள் வாடகையின் கணக்கு எளிது. ஒரு குடும்பம் மாதம் முழுக்க இருந்து கொடுப்பதைச் சில வார இறுதிகளில் எடுத்துவிடலாம் என்றால், எந்த வீட்டுக்காரரும் யோசிப்பார். முதலில் வெளியேறுகிறவர் சுற்றுலாப் பயணியால் எரிச்சலடைந்த பழைய சொந்தக்காரர் அல்லர், அவருக்கு லாபம். வெளியேறுவது வாடகைக்கு இருப்பவர். அவர் போனால் பால் வாங்க ஆள் குறையும், மாவு அரைக்கிற கடை மூடும், தையல்காரர் புறநகரான உழவர்கரைப் பக்கம் போவார், பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 3 லட்சம், புதுச்சேரி நகராட்சியுடையது சுமார் 2.44 லட்சம். ஊர் வெளியே நகர்ந்ததற்குச் சுற்றுலா மட்டும் காரணமில்லை. கார் நிறுத்த இடம், பாகப்பிரிவினை, புது வீட்டு ஆசை எல்லாம் உண்டு. ஆனால் காலியாகும் வீட்டுக்கு மறுபடி ஒரு குடும்பம் வராமல் போவதற்கு நாள் வாடகை முக்கியக் காரணம். இந்த வீதிகளின் பெருமைக்கு நாம் காட்டும் சான்றே ஒரு வாடகைதாரர்தான் என்பதையும் நினைக்க வேண்டும். 1908 முதல் 1918 வரை இங்கே இருந்த பாரதி சொந்த வீட்டில் இருக்கவில்லை. விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அறியப்பட்ட வீட்டுக்காரர் வாடகைக்கு நெருக்காத மனிதராக இருந்தார் என்று பாரதியின் நண்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அரவிந்தர், வ.வே.சு. ஐயர் என்று பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கெல்லாம் தலைசாய்க்க ஒரு வீடு கிடைத்தது, ஊரில் வாடகைக்கு வீடு இருந்ததால்தான். இன்று சம்பளம் நிச்சயமில்லாத ஒரு பத்திரிகையாளர் பெருமாள் கோயில் வீதியில் குடும்பத்தோடு வீடு தேடிப் பார்க்கட்டும்.

வெளியே இந்த நோயை முன்பே பார்த்த ஊர்கள் உண்டு. வெனிஸின் பழைய நகரத்தில் 1950களின் தொடக்கத்தில் 1.7 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2022இல் 50,000க்குக் கீழே போனது. 2024இல் அந்த ஊர் எடுத்த நடவடிக்கை, பகலில் வந்து போகிறவர்களிடம் சில நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கியது. இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அதாவது வீட்டைக் காலி செய்ய வைக்காதவரிடம் அபராதம், காலி செய்ய வைக்கிற ஏற்பாட்டுக்கு விலக்கு. பார்சிலோனா அதே ஆண்டு நேர் எதிராக யோசித்தது: 2028 நவம்பருக்குள் சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்கள், பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை, எல்லாவற்றையும் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதாக அறிவித்தது. நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் தமிழர் தடம் ஆழமாகப் பதிந்த பினாங்கின் ஜார்ஜ் டவுன். அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இன் தொடக்கத்தில் விலகியதும் வாடகை எகிறியது. தலைமுறைகளாகக் கடைவீடுகளில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி வந்தபோது பாராட்டப்பட்ட பண்பாட்டின் ஆட்களில் பலர் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார்கள். பிறகு வந்தவை விடுதிகளும் காபிக் கடைகளும். நடந்து வருகிறவராலும் கேடு வரும் என்பதற்கு சியோலின் புக்சோன் பகுதியைக் காட்டுவார்கள். சுமார் ஆறாயிரம் பேர் வசிக்கும் இடத்துக்கு ஆண்டுக்கு அறுபது லட்சம் பேர் வந்தால் வேறு வழியில்லை. 2024 நவம்பர் முதல் அங்கே சில சந்துகளில் காலை 10 மணி முதல் மாலை 5 வரை மட்டும் அனுமதி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புக்சோனில் கூட்டம் குறுகிய மலைச் சந்துகளில் சிக்கிக்கொள்கிறது. புதுச்சேரியின் நேர்கோட்டு வீதிகள் கூட்டத்தைப் பிரித்து அனுப்பத் தோதானவை. தேவைப்பட்டால் போட்டோ ஷூட்டுக்கும் குழுச் சுற்றுலாவுக்கும் நேரம் குறிக்கலாம். அது ஒரு சுற்றறிக்கையில் முடியும் காரியம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி வேறு: விடுதிகள் வந்திராவிட்டால் இந்த வீடுகள் இன்று நின்றிருக்குமா? 1990களின் நடுவில் இன்டாக் அமைப்பு பட்டியலிட்ட மரபுக் கட்டடங்கள் ஏறத்தாழ 1,800. அடுத்து வந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் இடிந்தன, அல்லது இடிக்கப்பட்டன. அரசுக்குச் சொந்தமான, மேரி எனப்படும் பழைய நகர மன்றக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. அரசே காக்க முடியாததை, ஐந்து வாரிசுகளுக்குப் பிரிந்து கிடக்கும் ஒரு குடும்பம் எப்படிக் காக்கும்? சுண்ணாம்புப் பூச்சும் மெட்ராஸ் ஒட்டுக் கூரையும் அறிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது. கிடைத்தால் கூலி அதிகம். விடுதிக்காரர் பணத்தோடு வந்து கூரையை மாற்றி, தூணைச் சீராக்கி, முற்றத்தைத் திறந்து வைத்திருக்கிறார். பல வீடுகளுக்கு இது உயிர் கொடுத்தது என்பதை மறுப்பது நேர்மையில்லை. ஆனால் இது ஒன்றே வழி என்பது உண்மையில்லை. கலவை சுப்புராய செட்டி வீதி என்ற பெயரும் கொண்ட வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டப் பணத்தில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் கூட்டாளிகளாக இருக்க, இன்டாக் 2000களின் தொடக்கத்தில் தாழ்வாரங்களையும் வீட்டு முகப்புகளையும் வரிசையாகச் சீரமைத்தது. குடும்பங்கள் வீட்டுக்குள் இருக்க, வேலை வெளியே நடந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதுகளில் அந்த வீதிக்கு இடம் கிடைத்தது. இன்று அங்கே விடுதியும் உண்டு. அதனால் அந்த முயற்சி தோற்றது என்றாகாது. ஒரு வீதியில் நடந்தது இன்னும் இருபது வீதிகளுக்கு ஏன் போகவில்லை என்பதே கேட்க வேண்டியது. விடுதிகளிலிருந்து வரும் வரியில் ஒரு பங்கைக் குடியிருக்கும் வீட்டுக்காரரின் கூரைப் பழுதுக்கு மானியமாக ஒதுக்கினால், விற்பதா விடுதியாக்குவதா என்ற இரண்டே வழியில் அவர் மாட்டிக்கொள்ள மாட்டார்.

பிழைப்பைப் பற்றிய கேள்வியும் எழும். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி பஞ்சாலைகள் 2020இல் மூடப்பட்டுவிட்ட ஊரில் சுற்றுலாவையும் கட்டுப்படுத்தினால் ஜனங்கள் எங்கே போவார்கள் என்பார்கள். யாரும் சுற்றுலாவை நிறுத்தச் சொல்லவில்லை. நூறு அறை விடுதிக்குப் புல்வாருக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடம் இருக்கிறது. நடந்து சுற்றுகிறவரின் காசு பேக்கரியிலும் மெஸ்ஸிலும் பெரிய மார்க்கெட்டிலும் வாடகை சைக்கிள் கடையிலும் சிதறி விழுகிறது. யாரும் குடியிருக்காத வாடகை வீட்டின் காசில் ஒரு பகுதி ஆன்லைன் நிறுவனத்துக்கும் மீதி வேறு ஊரில் இருக்கும் முதலீட்டாளருக்கும் போகலாம். அவருடைய சொத்து, அவருடைய இஷ்டம் என்று சொல்வதும் பாதி சரிதான். குடும்பம் ஒன்றுக்குப் போட்ட குழாயிலும் சாக்கடையிலும் வாரம் இரண்டு நாள் இருபது பேர் குளிக்கும்போது அது பக்கத்து வீட்டுக்காரரின் விஷயமும் ஆகிவிடுகிறது.

என்ன செய்யலாம் என்பதற்கு முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம் ஸ்டே திட்டத்தில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். ஆறு அறை, பன்னிரண்டு படுக்கைக்கு மேல் கூடாது. விரும்பியவர் சேரலாம் என்றிருக்கும் இந்த விதியை வாய்க்காலுக்கு மேற்கே, புல்வாருக்குள் கட்டாயமாக்கலாம். ஏற்கெனவே இருக்கும் விடுதிகளை விரட்ட வேண்டாம். புதியவற்றுக்கு வீதிவாரியாக உச்சவரம்பு போதும். வீட்டுக்காரர் வசிக்காத இடத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் வணிகக் கட்டணத்தில். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளைத் தடுக்க முடிகிறபோது, வார இறுதியில் மேற்கில் நான்கு வீதிகளில் குடியிருப்போர் வண்டி மட்டும் என்று சொல்ல முடியாதா? எந்த வீதிக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில்தான் சிக்கல், ஏனெனில் அதைச் சொல்ல வேண்டியவர் அந்த வார்டின் கவுன்சிலர். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டுப் பிரச்சினையில் நீதிமன்றம் போய் நின்றது. வைசியாள் வீதியில் இன்னொரு வீடு விடுதியாகலாமா என்ற கோப்பு அதிகாரியின் மேசையில் இருக்கும் வரை, சுற்றுலாத் துறையின் குரல் அங்கே கேட்கும். எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் யாரிடம் போய்ச் சொல்வார்? நகராட்சித் தேர்தலை நடத்துவதிலிருந்துதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.