சித்தப்பா என்று சொல்ல எட்டு நாள்



போன மாதம் திருத்தணிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பத்து நாள் நாடகப் பயிற்சி. மாணவர்கள் இருபத்தைந்து பேர், கூத்துக் கலைஞர்கள் நான்கு பேர், பறையடிக்கிறவர் ஒருவர். எல்லாரும் கூடி ஒரு நாடகம் செய்து கடைசி நாளில் மேடையேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. நிறைவு விழாவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் இரண்டு நாள் முன்னாடியே போய் ஒத்திகையில் உட்கார்ந்துகொண்டேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கல்லூரியின் குறையாகப் போய்விடும். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

கூத்து வாத்தியார் அறுபதைத் தாண்டியவர். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்துக்குத் தாம்பூலம் வாங்கினால் அடுத்தடுத்து ராத்தூக்கம் கிடையாது. மற்ற மாதங்களில் கூலி வேலை. புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு துரியோதனன் வேஷத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் எடுத்தபோது, செல்போனைத் தடவிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "இன்னா கண்ணு, தொண்டையிலருந்து கத்துற? அடிவயித்துலருந்து வரணும்பா" என்று ஒரு மாணவியின் தோளைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். இரண்டு நாளில் விருத்தம் பாடினாள்.

பறைக்காரரைச் சுற்றித்தான் வேறொரு கதை நடந்தது. வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி அவர் வைத்ததும் மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அடித்துப் பார்த்தார்கள். கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன் தப்பும் தவறுமாக அடித்தான், ஒரே கைதட்டல். பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிற இன்னொரு பையன் வரமாட்டேன் என்று தூணோரம் நின்றான். இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் கையில் விழுந்ததுதான் தாமதம், முதல் அடியே சுத்தமாக விழுந்தது. பக்கத்திலிருந்த ஆசிரியர் ஒருவர், பாராட்டுகிற எண்ணத்தில்தான், "பாருங்க, இவனுக்கு ரத்தத்துலயே ஊறிக் கிடக்குது" என்றார். பையன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

வேப்பமரத்தடியில் பிடித்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அண்ணே, அவரு எங்க சித்தப்பா. எட்டு நாளா தெரியாத மாதிரி இருக்கேன். அவரும் என்னைத் தெரியாத மாதிரிதான் இருக்காரு."

அவன் மறைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் மறைத்ததுதான் என்னை அடித்தது. அண்ணன் மகனுக்குக் கல்லூரியில் தலைகுனிவு வரக்கூடாது என்று அந்த மனுஷன் எட்டு நாளும் அவனை "தம்பி, உங்க பேரு இன்னா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நைனாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாரு" என்றும் பையன் சொன்னான். அவன் அப்பா பறையை விட்டு இருபது வருஷம் ஆகிறதாம். ஊர்ச் சாவுக்கு அடிக்க வரமாட்டேன் என்று சொல்லி, அதற்காகத் தண்டனையும் பட்டு, பிறகு விசைத்தறிக்குப் போய் மகனைப் படிக்க வைத்தவர். "இதைப் புடிக்கவா உன்னை காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று அவர் கேட்டால் நம்மில் யாருக்குப் பதில் சொல்லத் தெரியும்?

நம் பத்திரிகையைப் படிக்கிற மாணவத் தோழர்கள் பலர் இன்று பறையைத் 'தமிழர் ஆதி இசை' என்று கொண்டாடுகிறீர்கள். கொண்டாடுங்கள். ஆனால் பறையை அடிக்க மாட்டேன் என்று சொன்னதும் நம் விடுதலை வரலாறுதான். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லித்தான் மக்களைத் திரட்டினார்கள். அந்த மறுப்புக்காக அடி வாங்கிய, வீடு இழந்த, ஊர் விலக்கப்பட்ட குடும்பங்கள் ஏராளம். குச்சியை ஒடித்த அப்பாவும் போராளி. அதே குச்சியை எடுத்து அம்பேத்கர் பிறந்த நாள் ஊர்வலத்தில் அடிக்கிற மகனும் போராளி. இரண்டுக்கும் முரண் இருப்பதாகச் சொல்கிறவர்கள், சாவு வீட்டில் அந்தப் பறை யார் உத்தரவின் பேரில் அடிக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் அடித்தால் அது அடிமை வேலை. சொல்ல முடிகிற இடத்தில்தான் அதைக் கலை என்று பேசத் தொடங்கலாம்.

கல்லூரி அப்படிப்பட்ட இடமா? இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கல்லூரிக்காரர்கள் நம் கலைகளைத் தேடி வந்தது புதிதல்ல. 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு பெரிய நாடகப் பட்டறை நடந்தது. பேராசிரியர் சே. இராமானுஜம் அதில் முன்நின்றார். அந்த அலையில்தான் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் 1978இல் மதுரையில் பிறந்தது. 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் பட்டறை. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை புரிசைத் தம்பிரான்களிடம் போய் உட்கார்ந்தது. 1984இல் சங்கீத நாடக அகாதமி இளம் இயக்குநர்களுக்கு நிதி கொடுத்து, வேர்களுக்குப் போங்கள் என்றது. இவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழில் நவீன நாடகம் என்று ஒன்று இருப்பதே இவர்களால்தான். ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி நிற்கிறது. கூத்தின் அடவு வந்தது, திரை வந்தது, கட்டியக்காரன் வந்தான், பறையின் தாளமும் வந்தது. அடித்தவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான், திரும்பி எந்தத் தெருவுக்குப் போனான் என்ற பேச்சு மட்டும் மேடைக்கு வரவில்லை. வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அந்தப் பேச்சை மேடைக்குக் கொண்டுவந்தவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையில் மாரந்தைச் சேரியிலிருந்து படித்து வந்து, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். இன்குலாபின் பாடலை மேடை மேடையாகப் பாடிப் பரப்பிய குரல் அவருடையது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய எழுச்சியில் தலித் அரங்கு என்று உரத்துச் சொல்லி 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தந்தார். பலிக்குத் தலித் ஒருவனைத் தேடுகிறார்கள். கடைசியில் அந்தக் கத்தி அவன் மனைவி கழுத்துக்குப் போகிறது. நம் வீட்டுக்குள்ளேயே நிற்கும் ஆணாதிக்கத்தையும் விடாத நாடகம். அவருடைய 'தன்னானே' குழுவில் ஆய்வு மாணவர்களும் கிராமத்துப் பாடகர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். சின்னப்பொண்ணு சினிமாவுக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே அவரோடு பாடியவர். குணசேகரனுக்கு நாட்டுப்புறக் கலைஞர் 'தகவலாளி' இல்லை, சொந்தக்காரர். தன் சாதியை மறைக்காத பேராசிரியர் எதிரில் நிற்கும்போது மாணவனும் சித்தப்பாவை மறைக்க வேண்டியதில்லை. அவர் இறந்தது 2016 ஜனவரி 17. அதே நாளில்தான் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா செத்துப்போனான். அந்தத் தேதி வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள்.

சரி, திருத்தணிக்கு வருவோம். நிறைவு விழா அழைப்பிதழைப் பார்த்தேன். முதல்வர், துறைத் தலைவர், சிறப்பு விருந்தினர், என் பெயர் எல்லாம் பட்டத்தோடு இருந்தன. கீழே 'நாட்டுப்புறக் கலைஞர்கள் மற்றும் குழுவினர்' என்று ஒரு வரி. பத்து நாள் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவருக்குப் பெயர் இல்லை. மாணவர்களுக்குச் சான்றிதழ், கலைஞர்களுக்குப் பொன்னாடை. பொன்னாடையை வைத்து ரேஷன் கடையில் என்ன வாங்க முடியும்? கையில் கொடுத்த கவரைப் பிரித்துப் பார்த்த வாத்தியார் சிரித்தார். ஒரு ராத்திரிக் கூத்துக்கு அவர் வாங்குவதைவிடக் குறைவு. "படிக்கிற பசங்க, இருக்கட்டும்பா" என்றார். கலைஞனின் இந்தப் பெருந்தன்மையை வைத்தே எத்தனை நிறுவனங்கள் காலந்தள்ளுகின்றன.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு வழி திறந்தது. துறையில் பதினைந்து ஆண்டு அனுபவம் போதும், பட்டம் கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். அந்த நாற்காலியில் கம்பெனி அதிகாரியை உட்கார வைக்க யோசிக்காத கல்லூரிகளுக்கு, ஐம்பது வருஷம் கூத்தாடியவர் ஞாபகத்துக்கு வருவதில்லை. 2023இல் உள்ளூர்க் கலைஞர்களைக் கல்லூரியில் தங்கவைத்துக் கற்பிக்கச் சொல்லி இன்னொரு வழிகாட்டுதல் வந்தது. அதிலும் குரு, பரம குரு, பரமேஷ்டி குரு என்று மூன்று படி! படிநிலை இல்லாமல் இவர்களால் ஒரு சுற்றறிக்கைகூட அடிக்க முடியாது போலிருக்கிறது. நம் ஊரில் அழகாக 'ஆசான்' என்று ஒரு சொல் இருக்கிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். புரிசைக் கண்ணப்ப சம்பந்தனுக்கும் அதே ஆண்டில்தான். தில்லிக்குத் தெரிந்த பெயர்கள் பக்கத்துக் கல்லூரி அழைப்பிதழுக்கு 'குழுவினர்' ஆகிவிடுகின்றன.

நிர்வாகங்களின் பயமும் எனக்குத் தெரியும். 2019 ஜனவரியில் சென்னை லயோலா கல்லூரியில், நாட்டுப்புறக் கலைஞர்களைக் கௌரவிக்கும் வீதி விருது விழாவில், ஓவியக் கண்காட்சி ஒன்றுக்காக இந்துத்துவவாதிகள் கூச்சல் போட்டார்கள். கல்லூரி மன்னிப்புக் கேட்டது. வீதியில் இருப்பவர்கள் உள்ளே வந்தால் வீதியின் கோபமும் கூட வரும். அது வேண்டாம், தாளம் மட்டும் போதும் என்றால் ஒலிநாடாவைப் போட்டுக்கொள்ளட்டும்.

எனவே நான் நிறைவு விழாவில் பேச வேண்டியதைப் பேசினேன். கலைஞர் பெயரைச் சாதி சொல்லாமல், 'ஆசிரியர்' என்று அழைப்பிதழில் போடுங்கள். விருந்தினர் விரிவுரையாளருக்குக் கொடுக்கிற மணிக்கணக்குச் சம்பளத்தைக் கொடுங்கள். ஒரு தலித் மாணவனைப் பார்த்து 'ரத்தம்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். நகைக்கடைப் பையன் அடித்தால் திறமை, சேரிப் பையன் அடித்தால் பிறப்பு என்றால் வகுப்பறையில் நடப்பது வர்ணாசிரமப் பாடம்தான். முதல்வர் முகம் சுருங்கியது. ரத்தம் என்று சொன்ன ஆசிரியர் பிறகு என்னிடம் வந்து, "நான் அப்படி நினைச்சுச் சொல்லலீங்க" என்றார். நினைக்காமல் வருவதுதானே பிரச்சினை. ஆனால் அவர் வந்து பேசினார். அதையும் எழுத வேண்டும்.

நாடகம் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. நீளம் அதிகம், கடைசிக் காட்சியில் முழக்கம் அதிகம். ஆனால் நடுவில் ஓர் இடம். ஊர்ப் பெரியவர் வேஷக்காரன் "அடிடா பறையை" என்கிறான். அந்த இரண்டாம் ஆண்டுப் பையன் பறையைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகையில் அரை நிமிஷம் நின்றவன் அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தான். மேடையோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பாவும் பக்கவாத்தியத்தை நிறுத்திவிட்டார். கூட்டத்தில் யாரோ விசிலடித்து, அதுவும் அடங்கிப் போனது. முடிந்ததும் பையன் ஒலிபெருக்கியை வாங்கி, "எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்க சித்தப்பா" என்று பெயரைச் சொன்னான். அவர் எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பறையை உறைக்குள் போட்டார்.

திருத்தணி மலை 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த எல்லைப் போராட்டத்தை இன்றைக்கும் மேடையில் பெருமையாகப் பேசுகிறார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள எல்லையை அந்தக் கோடு தொடவில்லை. இந்த நாடகத்தை ஊர்த்தெருவில் போடுவதா, காலனியில் போடுவதா என்று மாணவர்களுக்குள் இப்போது விவாதம். காலனியில்தான் முதலில் என்று அந்தப் பையன் சொல்கிறான். கூத்து வாத்தியார் தாம்பூலம் வேண்டாம், சாப்பாடு போதும் என்றிருக்கிறார். வேண்டாம், கூலி கொடுத்தே கூப்பிடுங்கள் என்று நான் எழுதியிருக்கிறேன். பையனின் அப்பாவிடம் இன்னும் யாரும் பேசவில்லை. சித்தப்பா போய்ப் பேசுகிறேன் என்றிருக்கிறாராம். அண்ணன் தம்பி இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.