பழம்பொருளும் நாணயமும்

வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பொருளை விற்றுப் பணமாக்குவது இழுக்கு என்று கருதுவோர் இன்றும் உளர். 'இருப்பதை விற்று உண்ணும் நிலை வந்ததோ!' என்று அண்டை வீட்டார் பழிப்பர் என அவர்கள் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. ஒருவனுக்கு வேண்டாத பொருள் மற்றொருவனுக்கு வேண்டியதாக இருக்கும்போது அதனைப் பரணில் போட்டு வைப்பதால் எவர்க்கும் பயன் இல்லை. இழுக்கு விற்பதில் இல்லை. குறையை மறைத்து விற்பதிலேயே உள்ளது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் இதனைத் தெளிவாகக் காணலாம். 1971ஆம் ஆண்டு தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டைகளை அமைத்தது. மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் ஆலைகள் எழுந்தன. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லைக்கு அப்பால், பெங்களூரு இருக்கிறது. ஆதலால் பல மாநிலத்தாரும் வேலை தேடி ஓசூருக்கு வந்து வாடகை அறைகளில் தங்குகின்றனர். வேலை மாறியதும் வேற்றூர் செல்கின்றனர். கட்டிலையும் மின்விசிறியையும் உடன் கொண்டுசெல்ல வண்டிக்கூலி கட்டுப்படியாவதில்லை. எனவே, அவற்றைப் படம் பிடித்து, ஓஎல்எக்ஸ் போன்ற கைப்பேசிச் செயலிகளில் விலை குறித்து வெளியிடுகின்றனர். புதிதாக வருபவர் அவற்றை வாங்கிக்கொள்கின்றனர். செல்பவர்க்குக் கைச்செலவுக்குப் பணம், வருபவர்க்குச் சிக்கனம்.

முன்பு இத்தகைய வாணிகம் சந்தையில் நடந்தது. போச்சம்பள்ளி வாரச்சந்தையில் மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். ஏமாற்றியவனை அடுத்த வாரம் அதே சந்தையில் கண்டு கேட்கவும் செய்வான். அந்த அச்சமே பலரை நேர்வழியில் நிறுத்தியது. செயலியிலோ முகம் அறியாதவன் முகம் அறியாதவனுக்கு விற்கிறான். இன்று ஓசூரில் இருப்பவன் நாளை எங்கிருப்பான் என்பது தெரியாது. படத்தில் கட்டிலின் வண்ணம் தெரியும். அதன் கால் ஆடுவது தெரியாது. ஆகவே விற்பவன் சொல்லே வாங்குபவனுக்குப் பற்றுக்கோடு.

'குறையைச் சொன்னால் விலை குறையுமே. வாங்குபவனன்றோ விழிப்பாக இருக்க வேண்டும்?' என்பர் சிலர். விலை குறையும் என்பது உண்மையே. ஆனால், வாங்குபவன் யார்? பெரும்பாலும் முதல் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் தொழிலாளி. விற்பவனும் சில ஆண்டுகளுக்கு முன் அந்நிலையில் இருந்தவனே. பழுதை மறைத்து மிகுதியாகப் பெறும் ஐந்நூறு ரூபாய் ஊதியம் அன்று. பிறன் உழைப்பில் களவாடியதே ஆகும்.

வாய்மை விற்பவனுக்கும் காப்பாகும். இருசக்கர வண்டியை விற்றவன் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. வண்டி கர்நாடகத்துக்குச் செல்வதாயின் தடையின்மைச் சான்றும் பெறுதல் வேண்டும். பெயர் மாற்றாத வண்டி விபத்துக்கு உள்ளானால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவனையே சாரும் என 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லையோர மக்கள் இதனை மறத்தல் ஆகாது. எனினும், பொருளின் குறையைச் சொல்லுதல் வேறு. பணக் கணக்கின் இரகசிய எண்ணைச் சொல்லுதல் வேறு. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை. அதனைக் கேட்பவன் வஞ்சகன் என்று அறிக.

புகார் நகரத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அவர்கள் கடல் கடந்து வந்த பொருளை விற்றனர்; ஓசூர்த் தொழிலாளி பழைய கட்டிலை விற்கிறான். பொருள் சிறிதாயினும் அறம் ஒன்றே. நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பழம்பொருளை விற்பவன் முன்னதற்காகப் பின்னதை இழத்தல் கூடாது.