உழைச்செல்வானை மறக்கலாமா?

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தை நிறைவு செய்யுங்கால் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் நான்காவதாக நிறுத்தினார். கல்லூரி மலர்களைப் புரட்டிப் பாருங்கள். பழைய மாணவருள் வைத்தியரானோர், பொறியியலாளரானோர், வழக்கறிஞரானோர் பெயர்கள் வரிசையாக நிற்கும். தாதியப் பணியை மேற்கொண்ட ஒருவரின் பெயரைக் காண்பது அரிது. இக்குறை சிறிதன்று என்பதே எமது கருத்து.

எந்நோய்க்கும் தாதியர் வேண்டும். எனினும் பாரிசவாதத்தாலும் தலைக்காயத்தாலும் வீழ்ந்தவனுக்கு அவர்தம் தேவை தனித்தன்மை வாய்ந்தது. காலொடிந்தவன் தன் நோவைத் தானே சொல்வான். மூளை தாக்குண்டவனோ சொல்லும் ஆற்றலையே இழந்திருப்பான். தாகமென்றும் தலைவலியென்றும் அவன் கூறமாட்டான். அவனுக்காகக் காண்பதும் உணர்வதும் அருகிருப்பவரின் கடன்.

இதன் முக்கியத்துவத்தை உணரக் கிழக்குக் கரையின் தென்கோடியை நோக்குவோம். அறுகம்பேக்கு அலைச்சறுக்கு விளையாட உலகின் பல நாட்டவரும் வருகின்றனர். அதனை அடுத்துள்ள பொத்துவிலிலிருந்து திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை என ஊர்களைத் தொடுத்துக்கொண்டு மட்டக்களப்புக்குச் செல்கிறது நெடுஞ்சாலை. மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் மலிந்த அச்சாலையில் தலைக்காயம் புதுமையன்று. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோரைப் பாரிசவாதமும் விட்டுவைப்பதில்லை. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவு. 2016இல் இந்நாட்டில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பெருந்துணையே. ஆயினும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துள், மூளையில் இரத்தக்கசிவு இல்லையென்று ஸ்கேன் மூலம் கண்டறிந்த பின்னரே ஏற்றலாம். உறக்கத்தில் நோயுற்றவரும் தாமதித்து வந்தவரும் பெரும்பாலும் அவ்வாய்ப்பை இழக்கின்றனர். மருந்துக்குக் காலம் கடந்துவிடினும் நல்ல பராமரிப்புக்குக் காலம் கடப்பதில்லை. அத்தகையோரைக் காக்கும் பெரும் பொறுப்பு தாதியர் கையிலேயே தங்குகிறது.

தாதியர் செய்வதுதான் யாது? 1974இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்களான ரீஸ்டேலும் ஜெனற்றும் தலைக்காயமுற்றோரின் உணர்வு நிலையை அளக்க ஓர் அளவுமுறை வகுத்தனர். கண் திறத்தல், பேசுதல், அங்கம் அசைத்தல் என்னும் மூன்றுக்கும் புள்ளியிடுவர். முழு உணர்வுக்கு 15. ஆழ்ந்த மயக்கத்துக்கு 3. மாலையில் 14 ஆக இருந்தது நள்ளிரவில் 12 ஆகக் குறையின், மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்து மூளையை நெருக்குகின்றதோ என்று ஐயுறவேண்டும். ஒரு கண்மணி மற்றதனினும் விரிதலும் அபாயக்குறியே. வைத்தியர் வேறு விடுதியில் இருக்கும் அவ்வேளையில் விளக்கொளி கொண்டு அதனைக் கண்டு அவரை அழைப்பவர் தாதியே. அவர் கண்ணயர்ந்தால் சத்திரசிகிச்சையின் திறமை அனைத்தும் வீணாகும்.

இங்கு மொழியும் உயிர் காக்கும் கருவியாகின்றது. நீர் எங்கே இருக்கின்றீர், இது எந்த மாதம் என்று வினவியே பேச்சுக்குப் புள்ளியிடுவர். தமிழில் நோயாளி கூறும் விடை சரியோ பிழையோ என்பதைத் தமிழறிந்தவரே தெளிவாக உணர்வர். தமிழ் வழங்கும் இக்கரையின் வைத்தியசாலைகளுக்குத் தமிழ்ப் பாடசாலைகள் தாதியரை அனுப்பாவிடின், வேறு யார் அனுப்புவர்?

பாரிசவாதத்திற் பராமரிப்பின் வலிமைக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சான்றுண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பாரிசவாத விடுதிகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளியாயிற்று. காய்ச்சலைத் தணித்தல், இரத்தத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தல், விழுங்கும் ஆற்றலைச் சோதித்த பின்னரே உணவூட்டல் ஆகிய மூன்றையும் தாதியர் முறையாகச் செய்யச் சில விடுதிகளிற் பயிற்சி அளிக்கப்பட்டது. 90 நாட்களின் பின், அவ்விடுதிகளில் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் நூற்றுக்கு 42 பேர். ஏனைய விடுதிகளில் 58 பேர். இவ்வேறுபாட்டை விளைத்தது புதிய மருந்தன்று; தாதியரின் ஒழுங்கான பணியே.

வீட்டாரும் இதனை அறிதல் வேண்டும். வாய் கோணிய தந்தைக்கு மகன் அன்பினாற் பருக்கும் ஒரு மிடறு கோப்பி நுரையீரலுட் புகுந்து நியூமோனியாவை விளைவிக்கலாம். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். அசைய இயலாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடின் படுக்கைப்புண் தோன்றும். அன்பு மட்டும் போதாது. அறிவும் துணைநிற்றல் வேண்டும்.

இது பெண்களுக்குரிய வேலை என்றும் தாழ்ந்த வேலை என்றும் கூறுவோர் உளர். வள்ளுவர் உழைச்செல்வானை ஆண்பாலிலேயே கூறினார் என்பதை அவர்கள் கருதுக. உணர்விழந்த ஆளைப் புரட்டவும் தாங்கவும் உடல்வலியும் வேண்டுமன்றோ? உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு புரிந்த நாவுக்கரசரைத் தொழும் நாம், கையாற் செய்யும் பணியை எங்ஙனம் இழிவென்போம்? அந்நாவுக்கரசர் சூலை நோயால் வருந்தியபோது அடைக்கலம் தந்தவர் தமக்கையார் திலகவதியார். எம் அயலவராகிய முஸ்லிம் மக்களும் நபிகள் நாயகத்தின் காலத்தில் மதீனாவிற் காயமுற்றோரைப் பேணிய ருபைதா அம்மையாரைப் போற்றுகின்றனர். இரு சாராரின் மரபும் இப்பணியை உயர்த்தியே பேசுகின்றது.

ஆகவே கல்லூரிச் சமூகத்தின் முன் மூன்று வேண்டுகோளை வைக்கின்றோம். ஆசிரியர்கள் உயர்தர மாணவருக்குத் தொழில் வழிகாட்டுங்கால் தாதியக் கல்வியையும் எடுத்துரைக்கவேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மூன்றாண்டுத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் தாதியப் பட்டமும் வழங்குகின்றன. பழைய மாணவர் சங்கம் அக்கல்வி பயிலும் வறிய மாணவருக்கு உதவிப்பணம் அளிப்பதோடு, ஊர்தோறும் அனுபவம் வாய்ந்த தாதியரைக்கொண்டு வீட்டுப் பராமரிப்பு வகுப்புகளையும் நடத்தவேண்டும். அவை கோயில் வாசலோடு நில்லாது பள்ளிவாசல் முன்றிலுக்கும் செல்லவேண்டும். பரிசளிப்பு விழாவின் பிரதம விருந்தினராக ஒரு முறையேனும் ஒரு தாதியை அழைக்கவேண்டும்.

மாணவத் தம்பிமாரே! வைத்தியராகும் கனவு நன்றே. அதற்குரிய புள்ளி கிட்டாதவிடத்து வாழ்வே முடிந்ததெனச் சோர்ந்திருப்பது நன்றன்று. பேச இயலாத ஒருவனின் பொருட்டு நள்ளிரவில் விழித்திருக்கும் பணி எவ்வுயர் பணிக்கும் குறைந்ததன்று. அடுத்த மலரின் பெயர்ப்பட்டியலில் அந்நான்காம் வரிசையும் இடம்பெறுவதாக.