ஜிம்மியும் செவலையும்

"நாயையும் கோழியையும் ஒரே வீட்டிலா வளர்க்கிறீங்க? நல்ல கூத்துதான் போங்க!" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கூத்துதான். அதுவும் டிக்கெட் இல்லாத கூத்து!

எங்கள் வீடு ஊருக்குக் கொஞ்சம் ஒதுக்குப்புறம். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துவைக்கிற கல். அங்கே ஐந்து நாட்டுக்கோழி, ஒரு சேவல், ஒரு நாய். நாயின் பெயர் ஜிம்மி. "ராஜபாளையம் ஜாதியா?" என்று கேட்பவர்களிடம் என் கணவர், "இல்லீங்க, எதிர்த் தெரு" என்பார். ஒரு மழை நாளில் நனைந்துகொண்டே வந்து திண்ணையில் ஒண்டிய குட்டி அது. கோழிகளில் மூத்தவள் செவலை. பெயர் வைத்தது என் மகள்.

கோழிகளுக்குள் யார் பெரியவள், யார் சின்னவள் என்று ஒரு வரிசை உண்டு. மேலே இருப்பவள் கீழே இருப்பவளைக் கொத்தலாம், திருப்பிக் கொத்து வாங்க மாட்டாள். இதை 1921-ல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஷெல்டெரப் எப்பே எழுதி வைத்தார். எங்கள் வீட்டு வரிசையை அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். முதலில் செவலை, பிறகு மற்ற கோழிகள், அதற்குப் பிறகு சேவல், கடைசியில் ஜிம்மி. எனக்கு எந்த இடம் என்று இன்னும் தீர்மானமாகவில்லை!

கோழிகளுக்குத் தீனி போட நான் "பா... பா... பா..." என்று கூப்பிட்டால், வாலை ஆட்டிக்கொண்டு முதலில் வந்து நிற்பது ஜிம்மிதான். வெயில் காலத்தில் அவன் கொய்யா நிழலில் மண்ணைப் பறித்துக் குளிர்ச்சியாக ஒரு குழி போடுவான். அவன் தண்ணீர் குடிக்கப் போகும் சமயம் பார்த்து, செவலை அதில் இறங்கி இறக்கையை விரித்து மண் குளியல் போட ஆரம்பித்துவிடுவாள். (உடம்பில் ஒட்டியிருக்கும் பேன் போகத்தான் கோழிகள் மண்ணில் புரளுகின்றன.) ஜிம்மி திரும்பி வந்து பார்ப்பான், என்னைப் பார்ப்பான், பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு குழி பறிக்க ஆரம்பிப்பான்.

இன்னொரு வேடிக்கை. செவலைக்கு நான் வைக்கோல் போட்ட கூடை ஆகாது. ஜிம்மி படுக்கிற சாக்கில்தான் முட்டை இடுவாள். இட்டுவிட்டு ஊரைக் கூட்டிக் கொக்கரிப்பாள். ஒரு நாள் ஜிம்மி அந்த முட்டையை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அடுக்களை வாசற்படியில் மெல்ல வைத்தான். ஒரு கீறல் இல்லை! அன்றே இந்த நாயின் குணத்தை நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

போன கோடையில் செவலையை அடை வைத்தேன். பதினோரு முட்டை. இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் போகவே மனமில்லை. ஆறாம் நாள் மத்தியானம் ஒரு குஞ்சைக் காணோம். மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் 'கீச் கீச்' என்று அலறல் கேட்டு ஓடினேன். கொய்யா மரத்தடியில் ஜிம்மி நிற்கிறான். வாயில் குஞ்சு!

எனக்கு வந்த ஆத்திரத்தில் விளக்குமாற்றை எடுத்து இரண்டு போட்டேன். அவன் குஞ்சைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பதுங்கிப் படுத்துவிட்டான். குஞ்சு எச்சிலில் நனைந்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது.

"ருசி கண்ட நாய் அடங்காதும்மா. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. எங்கேயாவது கொண்டுபோய் விடச் சொல்லு" என்றார் மாமியார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஊரில் விட்டுவிடுவது என்று முடிவு செய்து, வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினேன். "ஜிம்மி ஒண்ணும் பண்ணலைம்மா" என்று அழுத பையன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜிம்மி சங்கிலியை அறுத்துவிடுவதுபோல் குரைத்தான். "சும்மா கிடடா!" என்று அதட்டினேன். அதற்குள் கொல்லையில் செவலையின் அலறல். ஓடிப் பார்த்தால், வேலிக்கு அடியில் ஒரு கீரிப்பிள்ளை நுழைந்துகொண்டிருக்கிறது, வாயில் குஞ்சுடன்!

அப்புறம்தான் அந்த நனைந்த குஞ்சை எடுத்துச் சரியாகப் பார்த்தேன். வால் பக்கம் ஊசி குத்தியதுபோல் இரண்டு பல் தடம். கீரி போட்டுவிட்டு ஓடியதை ஜிம்மி என்னிடம் கொண்டு வந்திருக்கிறான், அன்று முட்டையைக் கொண்டு வந்ததுபோலவே. நான் கொடுத்த பரிசு விளக்குமாறு.

"அத்தை, நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்ற கீரிப்பிள்ளைக் கதைதான்!" என்றேன். அந்தக் கதையில் கீரி நிரபராதி. எங்கள் வீட்டில் அதுவே திருடன். அவசரக்காரி மட்டும் மாறவில்லை! சங்கிலியை அவிழ்த்தபோது ஜிம்மி என் கையைத்தான் நக்கினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அவனுக்குப் பால் சோறு பிசைந்து வைத்தது யார் தெரியுமா? மாமியார்!

இரண்டையும் சேர்த்து வளர்க்க ஆசைப்படும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். வேலிக்கு அடியில் சந்து இருந்தால் கல்லும் கம்பி வலையும் வைத்து அடையுங்கள். கீரி பகலில்தான் வரும். குஞ்சுகள் பெரிதாகும்வரை பஞ்சாரத்தில் போட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். நாயை முதல் சில வாரம் கண் பார்வையிலேயே பழக்குங்கள். எல்லா நாயும் ஜிம்மி ஆகாது. குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தும், நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு டாக்டர் சொல்லும் கெடுவில் மறு ஊசியும் போட வேண்டும். வேக வைத்த கோழி எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கோழியைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், குஞ்சுக்கு முத்தம் வேண்டாம். எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டாலும், பதினைந்து நிமிஷம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள்.

மிஞ்சிய ஆறு குஞ்சும் இப்போது பெரிய கோழிகள். கடி வாங்கிய குஞ்சு மட்டும் மத்தியானத்தில் ஜிம்மியின் முதுகில் ஏறித் தூங்குகிறது.

போன வாரம் அடுக்களையில் 'டமார்' என்று சத்தம். ஊறுகாய் ஜாடி தூள். பக்கத்தில் திருதிருவென்று என் மகள். கை தன்னால் ஓங்கியது. சட்டென்று இறக்கிக்கொண்டு, "என்னடா கண்ணு ஆச்சு?" என்று கேட்டேன். அவள் மேலே கையைக் காட்டினாள்.

அலமாரித் தட்டில், கழுத்தை நீட்டிக்கொண்டு, எங்கள் சேவல்!