மூச்சு வாங்கும்வரை காத்திருக்கலாமா?

விருத்தாசலம் செராமிக் தொழிற்கூடங்களில் பொம்மைக்கும் அகல்விளக்குக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் கலக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்கின்றன. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. பீங்கான் பட்டறையானாலும் கல்குவாரியானாலும் இந்தத் தூளில் உழல்வோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: மூச்சு வாங்காதவரை நுரையீரலுக்கு ஒன்றுமில்லை. மூச்சை உடல் எப்படி ஆளுகிறது என்று பார்த்தால் இது நிற்காது.

ஆக்சிஜன் குறைந்தால் உடனே திணறும் என்பது இந்த நம்பிக்கைக்குச் சொல்லப்படும் முதற்காரணம். மூச்சின் தாளத்தை அமைப்பது மூளைத்தண்டிலுள்ள முகுளம். அது முதலில் கவனிப்பது ஆக்சிஜனை அல்ல, கார்பன் டை ஆக்சைடை. உடலியங்கியல் அறிஞர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் இதை நிறுவினார்கள். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் சுமார் 40 மி.மீ. பாதரசம், ஓரிரு மி.மீ. ஏறினாலே மூச்சு ஆழமாகிவிடும். ஆக்சிஜனைக் கண்காணிப்பவை கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்திலுள்ள சிறு முடிச்சுகள். இவற்றின் வேலையைக் கண்டறிந்த ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. வழக்கமாக 95 மி.மீ. அளவில் இருக்கும் ஆக்சிஜன் 60-ஐ நெருங்கும்வரை அவை மூச்சைப் பெரிதாக முடுக்குவதில்லை. போதாததற்கு, கார்பன் டை ஆக்சைடு நுரையீரல் சவ்வை ஆக்சிஜனைவிட ஏறக்குறைய 20 மடங்கு எளிதாகக் கடக்கும். சிலிக்காவால் சவ்வு தழும்பேறித் தடித்த பின்னும் அது தடையின்றி வெளியேறும். முகுளத்துக்கு எச்சரிக்கையே போகாது. உட்கார்ந்திருக்கும் உடலுக்கு நுரையீரலின் ஒரு பகுதியே போதும் என்பதால் சேதம் இன்னும் நெடுநாள் மறைந்திருக்கும்.

இருமலும் வெல்லக்கட்டியும் தூசியை வெளியேற்றிவிடும் என்பது அடுத்தது. மூக்கும் மூச்சுக்குழாய் மயிரிழைகளும் பருந்தூசியைத்தான் தடுக்கும். 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள் காற்றறை வரை போய்விடும். அங்கே மயிரிழை கிடையாது. துகளை விழுங்கும் பாதுகாப்பு அணுக்கள் சிலிக்காவால் மடிய, அந்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. வெல்லம் இறங்குவது இரைப்பைக்கு. காற்றறைக்கு அதற்கு வழியே இல்லை.

அரை நிமிடம் மூச்சடக்க முடிந்தால் நுரையீரல் பழுதில்லை என்பாரும் உண்டு. மூச்சடக்கும் நேரம் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கும் பழக்கத்தையும் பொறுத்தது. தழும்பைக் காட்டும் சோதனை அது அல்ல.

மூச்சு வாங்கத் தொடங்கும்போது நிலைமை வேறு. இறுகிய நுரையீரலை விரிக்க நெஞ்சுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். காற்றறைச் சுவரில் நுண்குழாய்களை ஒட்டிய ‘ஜே’ உணர்விகள் தூண்டப்பட்டால் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகும். இவற்றைக் கண்டறிந்தவர் இந்திய உடலியங்கியல் அறிஞர் பெயின்டால். இந்தக் கட்டத்தில் வரும் திணறலை முன்னறிவிப்பு என்று சொல்வதே தவறு. சிலிக்காவால் நுரையீரல் தழும்பேறும் இந்த நோயை, அதாவது சிலிக்கோசிஸை, நீக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும், காசநோய்க்கும் இடம்கொடுக்கும்.

ஆகவே மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் நலமாக இருக்கும்போதே, குறித்த கால இடைவெளியில் நடக்க வேண்டும். உலர்ந்த தரையைப் பெருக்காமல் நீர் தெளித்துக் கழுவ வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. சட்டப்படி சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அதைக் காணும் மருத்துவர் உரிய அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும்.