‘வெறும் நூல்தானே, ஆன்ட்டி?’

போன தீபாவளிக்கு முந்திய வாரம். ஈப்போ லிட்டில் இந்தியாவில் நடக்கவே இடமில்லை. முறுக்கு மாவு, மத்தாப்பு, சேலை என்று ஒவ்வொரு கூடாரத்திலும் கூட்டம். ஓர் ஓரத்தில் மடக்கு மேசை போட்டு என் அத்தை பட்டு நூல் ஜிமிக்கி விற்றுக்கொண்டிருந்தார். வானொலியில் மாலை நேரப் பணி இல்லாத நாள் என்பதால் நானும் பை போட்டுக் கொடுக்கும் உதவியாளராக நின்றேன்.

நன்றாக உடுத்திய ஒரு பெண்மணி மயில்கழுத்து நிற ஜோடியைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, காதருகே வைத்தும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெறும் நூல்தானே, ஆன்ட்டி? பத்து வெள்ளிக்குக் குடுங்க லா.” மேசையில் 15 என்று எழுதியிருந்தது. அத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

வானொலிக்காரர்களுக்கு எதையும் விநாடிக் கணக்கில் பார்க்கும் வியாதி உண்டு. அடுத்த வாரம் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய், கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, எதிரே உட்கார்ந்தேன்.

முதலில் பதினைந்து இழை நூலைப் பிரித்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒன்று முறுக்கிக்கொண்டாலும் மேலே மேடு தட்டும். ஜிமிக்கியின் பிளாஸ்டிக் குடைக்குள் பசை தொட்டு, உச்சித் துளை வழியாக நூலை உள்ளே விட்டு வெளியே எடுத்து, இடைவெளி தெரியாமல் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் பசை சீக்கிரம் காயாது; அவசரப்பட்டால் கறை. பிறகு விளிம்புக்கு மணிச்சரம், மேலே தோடு. குடையையும் தோட்டையும் இணைக்க ஒரு கம்பி. அதைக் குறடால் வளைத்து வளையமாக்க வேண்டும். வளையம் சரியாக மூடாவிட்டால் கோயில் கூட்டத்திலேயே ஜிமிக்கி கழன்று விழும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு வேறு வர வேண்டும்.

ஒரு ஜோடிக்கு 1 மணி 50 நிமிடம். பொருள் செலவைக் கூட்டிப் பார்த்தோம்: நூல், குடை, மணி, பசை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4 வெள்ளி. அப்படியானால் அந்தப் பெண்மணி கொடுத்த பத்தில் அத்தையின் கைக்குக் கிடைத்தது 6 வெள்ளி. மணிக்கு 3 வெள்ளி 30 காசு கூட இல்லை. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அந்தக் கணக்கில் கூலியே 16 வெள்ளி ஆகிறது. பொருளையும் சேர்த்தால் 20. கடை வாடகை, கார் எண்ணெய், ஈப்போவுக்குப் போய்வரும் நேரம் இதில் இல்லை. அத்தை எழுதி வைத்திருந்த 15-ம் நஷ்டக் கணக்குதான்.

“டிவி பார்த்துக்கிட்டேதானே செய்றேன், அதுக்கு என்ன கூலி?” என்றார் அத்தை. எனக்கு அந்தப் பெண்மணியின் பேரத்தைவிட இதுதான் வலித்தது.

ஏனென்றால் இவர் கூலிக் கணக்குத் தெரியாதவர் அல்ல. இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். தோட்டத்தில் பாலை நிறுத்து எழுதக் கிராணி இருந்தார். எழுதியது குறைவென்றால் சண்டை பிடிக்கவும் முடிந்தது. 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காக முதலாளிகளோடு பேசியது. அந்தக் கூலி போதுமானதாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நிறுக்க ஒரு தராசு இருந்தது. வீட்டுக் கூடத்தில் சுற்றும் நூலுக்குத் தராசும் இல்லை, கிராணியும் இல்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர்கள் குழுவில் இந்த ஜிமிக்கிகளின் படத்தைப் போட்டு, ‘அசல் பட்டு’ என்று எழுதிவிட்டேன். சேலைக் கடையில் வேலை செய்த ஒரு தோழி உடனே அழைத்தார். “ஒரு இழையை எரிச்சுப் பாரு.” பார்த்தேன். அசல் பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பட்டும் முடியும் புரதம்தான். பாலியஸ்டர் என்றால் உருகி ஓரத்தில் மணியாகக் கட்டிக்கொள்ளும். எங்கள் நூலில் காகிதம் எரியும் வாசனை. மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான். கைவினைக் கடைகளில் ‘பட்டு நூல்’ என்று விற்பதில் பெரும்பகுதி இதுவோ பாலியஸ்டரோதான். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். ஆகவே மழையில் போடாதீர்கள், வாசனைத் திரவியத்தை மேலே அடிக்காதீர்கள். அத்தைக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. “பட்டு மாதிரி நூல்னு சொல்லிட்டாப் போச்சு” என்று முடித்துவிட்டார். கேட்பவர்களிடம் இப்போது அப்படியே சொல்கிறார்.

அசல் பட்டும் அசல் கம்பியும் சேர்ந்த பொருள் ஒன்று நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். பாட்டி காலத்துக் காஞ்சிபுரம் சேலையின் சரிகைதான் அது. வெள்ளியைத் தலைமுடி போல் கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, பட்டு இழையின் மேல் சுற்றி, தங்கமுலாம் பூசுவார்கள். குஜராத்தின் சூரத் நகரம் இதற்குப் பேர் போனது. அந்தச் சரிகையை யாரும் ‘வெறும் நூல்’ என்று சொல்வதில்லை. கிழிந்த சேலையைக்கூட எடை போட்டு வாங்க ஆள் வருகிறது.

அத்தை வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் கோலகங்சார். அங்கே ‘தெக்காட்’ என்ற மலாய்ப் பூத்தையல் இருக்கிறது. வெல்வெட் துணியின் மேல் வெட்டிய அட்டை வடிவத்தை வைத்து, பொன்னிற நூலை அதன்மேல் இப்படியும் அப்படியும் கொண்டுபோய், அடியிலிருந்து இன்னொரு நூலால் பிடித்துத் தைப்பார்கள். பூ துணியை விட்டு மேலெழும்பி நிற்கும். அரண்மனைக்கும் திருமண மேடைக்கும் செய்த வேலை. இன்று அரசாங்கத்தின் கைவினை மேம்பாட்டுக் கழகமும் பின்னால் நிற்கிறது. அதுவும் நூல்தான். ஆனால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. எங்களுடையதற்கு மடக்கு மேசை மட்டும்.

இப்போது அத்தைக்குப் புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டா தீவில் ‘கனுட்டெல்’ என்றொரு கலை. கன்னியர் மடங்களில் தேவாலயப் பீடத்துக்காகச் செய்த பூக்கள். மெல்லிய கம்பியை ஊசியில் சுற்றிச் சுருளாக்கி, லேசாக இழுத்து, இதழ் வடிவில் வளைத்து, சுருளின் ஒவ்வொரு இடுக்கிலும் பட்டு நூல் பதியும்படி குறுக்கே ஓட்டினால் ஓர் இதழ். யூடியூப்பில் பார்த்த முதல் நாளே அத்தை சொன்னார்: “இது நம்ம மங்கு கம்பிச் சுருள்ல!” பால் வடியும் மங்கை மரத்தோடு பிடித்து வைக்கும் கம்பியில் ஒரு சுருள் இருக்கும். மரம் பருத்தால் அது இளகிக் கொடுக்கும். அந்தக் கம்பியில் மோதிரம் செய்து போட்டுக்கொண்ட பிள்ளைகள் தோட்டத்தில் நிறையப் பேர். அத்தையின் விரல்களுக்கு வேலை ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டே வாரத்தில் ஒரு முழத்துக்கு மல்லிகைச் சரம் தயார். வாசம்தான் இல்லை, வாடவும் வாடாது. பரதம் ஆடும் ஒரு பிள்ளையின் தாயார் கொண்டைக்கு ஒன்று கேட்டிருக்கிறார். விலை எவ்வளவு என்று கேட்டதற்கு அத்தை, “குடுக்கிறதைக் குடுங்க” என்றாராம். தொலைபேசியில் கேட்டதும் கத்திவிட்டேன்.

வருகிற தீபாவளிக்கும் அதே இடத்தில் மேசைக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது. விலை அட்டையை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஜிமிக்கி ஜோடி 20 வெள்ளி. கொஞ்சம் தயங்கி வாங்கி வைத்துக்கொண்டார். நான் வேலைக்குப் போன நேரத்தில் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே நேயர்களே, மன்னிக்கவும், வாசகர்களே, அந்தப் பக்கம் வந்தால் அட்டையை நிமிர்த்திப் பாருங்கள். அத்தையே குறைத்துக் கொடுக்க வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.